டச்சிங் பென்சிலும் மூன்று முகங்களும்

போட்டோ ஸ்டூடியோவில் டச்சிங் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: வந்து உட்காரும் முகம் ஒன்று, வாங்கிப் போக நினைக்கும் முகம் வேறு. நெகட்டிவில் பென்சிலால் மெல்லத் தடவினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். எழுபதுகளில், பாலக்காட்டில், எனக்கு அதுதான் வேலை. பிடிக்கவில்லை என்று மூன்று படம் திரும்பி வந்தால் வேலையை விட்டு வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி முதல் நாளே சொல்லியிருந்தார். மூன்று என்றால் மூன்றுதான் என்று கதை கேட்டே வளர்ந்தவன் நான். எதிர்த்துப் பேச வராது.

மாப்பிள்ளை வீட்டுக்கு

முதலமடையிலிருந்து மாந்தோப்புக்காரர் ஒருவர் மனைவியோடு மகளைக் கூட்டி வந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம். பெண் மாநிறம். கொஞ்சம் வெளுப்பாக இருக்கட்டும் என்று தாயார் என்னிடம் தனியாகச் சொன்னார். நெற்றியிலிருந்து கழுத்துவரை தடவித் தள்ளிவிட்டேன். படத்தை வெகுநேரம் பார்த்த பெண், அனுப்பக் கூடாது என்றாள். ஏன் என்று கேட்டேன்.

"ஏனுங்க, இவளைப் புடிச்சுப்போயி அவங்க வந்தா, ஊட்டுல நான்தானுங்களே இருப்பேன்?"

திருவிழாக் கடை

சின்னக்கானல் சர்ச் திருவிழாவுக்குத் திரையும் காமிராவுமாகப் போனோம். படம் எடுக்க வந்தவள் தேயிலை கிள்ளும் பெண், முதலமடைப் பெண்ணின் வயசுதான். கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு. முதலமடையில் பட்டவன் ஆயிற்றே, பென்சிலைத் தொடவே இல்லை. தழும்பு தழும்பாகவே இருந்த படத்தைப் பெருமையாக நீட்டினேன். அவள் பார்த்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"தெனமும் கண்ணாடியில பாக்குற மூஞ்சியப் பாக்கவா அண்ணே, இம்புட்டு மலை ஏறி வந்தேன்?"

கல்பாத்திப் பெண்

இரண்டு படம் திரும்பியாயிற்று, இன்னும் ஒன்றுதான் பாக்கி. அடுத்து வந்தவள் கல்பாத்திப் பெண். கூடவே அம்மாவும் அத்தையும். எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுவது என்று, ஏதாவது மாற்ற வேண்டுமா என்று பெண்ணிடமே கேட்டேன். பதில் அம்மாவிடமிருந்து வந்தது. மோவாய் மச்சம் ராசியானது, இருக்கட்டும். அத்தைக்கோ அந்த மச்சம் போக வேண்டும், மூக்குக் கண்ணாடித் தடமும் போக வேண்டும். அம்மாவுக்குப் பெண்ணின் வயசு குறைவாகத் தெரிய வேண்டும். அத்தைக்குக் கொஞ்சம் கூடுதலாக. விளக்குச் சூட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து தாவணியைச் சரிசெய்துகொண்டாள்.

"அவா ரெண்டு பேரும் யாரைப் பாக்கணும்னு முதல்ல தீர்மானம் பண்ணட்டும். அப்பறம் நான் வந்து உக்காந்துக்கறேன்."

எடுக்காத படம் திரும்பி வராது என்பதால் என் வேலை பிழைத்தது. அம்மாவும் அத்தையும் தீர்மானித்து வந்தார்களா என்றால், நான் அங்கே இருந்தவரை வரவில்லை.