இழுக்கும்போது அறுந்த இணைப்பு

நெய்வேலியில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் நானும் பர்வீனும் கான்ட்ராக்டில் இருந்தோம். பல கம்ப்யூட்டர்களின் விண்டோக்களை ஒரே பெரிய திரையில் காட்டும் புரோகிராம் எங்களுடையது. ஏதாவது ஒரு கம்ப்யூட்டரின் இணைப்பு அறுந்தால், அதன் விண்டோக்கள் திரையிலேயே நின்று மெமரியை அடைத்துக்கொள்ளும். நான் மாதக்கணக்கில் முட்டி மோதியதை, எனக்குப் பின்னால் சேர்ந்த பர்வீன் ஒரே வாரத்தில் சரிசெய்துவிட்டாள். அவளைத்தான் பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு. எனக்கு வயிறு எரிந்தது.

வாடிக்கையாளர் புரோகிராமைப் பார்க்க வரவிருந்த அன்று, அவள் டீ குடிக்கப் போனபோது நான் அவள் சரிசெய்ததைச் சோதித்துப் பார்த்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான். ஒரு விண்டோவை மவுஸால் இழுக்கும்போதே அந்தக் கம்ப்யூட்டரின் இணைப்பைப் பிடுங்கினேன். திரை முழுவதும் உறைந்தது. எனக்கு மனசு குளிர்ந்தது.

பர்வீன் திரும்பி வந்தாள். "என்னக்கா பாத்துக்கினு இருக்கீங்க? எனக்கு ஒரே பயமா இருக்குதுக்கா."

பேசாமல் இருந்திருக்கலாம்.

"இழுக்கும்போது அறுந்தா உறைஞ்சு போவுது பர்வீன். மொதல்ல மவுஸோட பிடிய விட்டுட்டு அப்புறம் விண்டோவ அழிக்கிற மாதிரி கோட மாத்து," என்றேன்.

உடனே திருத்தினாள். எல்லாம் நன்றாக முடிந்தது. பர்மனென்ட் அவளுக்கே கிடைத்தது.

"நீங்க சொல்லலன்னா மாட்டிக்கினு முழிச்சிருப்பேன்க்கா," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரித்தேன். அப்போதும் வயிறு எரிந்தது.

பொறாமை தீர்ந்த பிறகுதான் ஒருவருக்கு நல்லது செய்ய முடியும் என்று நினைத்திருந்தேன். தீராமலும் செய்யலாம்.