கொடியில் தொங்கும் கறுப்பு உடுப்பு

ஒரு கடிதத்தில் பாதியை மட்டும் வாசித்து ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் கெடுத்தவன் நான். பக்கத்து வீட்டு வளவின் கொடிக்கம்பி என் யன்னலுக்கு நேரே இருக்கிறது. அதில், கடலடியில் மூழ்கிக் கடலட்டை குளிப்பவர்கள் போடும் கறுப்பு ரப்பர் உடுப்பு ஒன்று மாதக்கணக்காகத் தொங்குகிறது. காலையில் யன்னலைத் திறந்தால் முதலில் தெரிவது அதுதான். யன்னலை மூடி வைத்தும் பார்த்தேன். மூடினால் அது கிட்ட வந்து நிற்பது போல இருக்கிறது.

அந்த வளவில் இருப்பவள் ஒரு தையல்காரி. அவளுடைய கணவன் ஊர்காவற்றுறைக் கரையில் அட்டை குளித்தவன். ஆழத்தில் நெடுநேரம் நின்றுவிட்டு அவசரமாக மேலே வந்ததில் ஒருமுறை அவனுக்குக் கால் விறைத்துப்போனது. இனிக் கடலுக்குள் இறங்கினால் எழும்ப ஏலாது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். அதன்பிறகு வீட்டைத் தாங்கியது அவளுடைய தையல். கரையில் குளிப்பவர்களின் கிழிந்த உடுப்புகளையெல்லாம் மீன்பிடிச் சங்கத்தின் பின்னறையில், சங்கத்துப் பெரிய மெஷினில், ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்ளே போகாதபடி அவள் தைத்துக் கொடுப்பாள்.

அந்தத் தையலைப் படத்தில் பார்த்த பாரிஸ் உறவுக்காரி ஒருத்தி மினுங்கும் கறுப்புத் துணியும் அளவுகளும் அனுப்பினாள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை உடம்போடு ஒட்டிக்கிடக்கும் ஒரே துண்டு உடுப்பு. ஆங்கிலப் பெயரை நான் அப்படியே பெயர்த்து 'பூனை உடுப்பு' என்றேன். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சில உடுப்புகள் நாகரிக மேடைகளுக்குப் போயின. சில, அதை அணிவதில் தனி ஆசை கொண்டவர்களின் வீடுகளுக்குப் போயின. அவளுடைய தொலைபேசிக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை வாசித்து அளவுகளைச் சொல்லுவது, ஆங்கில வாத்தியாராக இருந்த என் வேலை.

"கடலுக்கும் போகாமல் இதைப் போட்டுக்கொண்டு என்ன செய்யினமாம், மாஸ்டர்?" என்று அவள் கேட்பாள்.

"வெள்ளைக்காரன் கரையிலயே குளியோடுறான் போல," என்பான் கணவன்.

நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அந்த உடுப்பு தோலில் ஒரு விரலளவையும் காட்டாது. ஆனால் உடம்பின் எந்த வளைவையும் மறைக்காது. மேடையில் பெண்கள் அதைப் போட்டு நடந்தால் நாகரிகம் என்கிறோம். ஒருவர் கதவைப் பூட்டிவிட்டுப் போட்டால் நோய் என்கிறோம். எங்கள் கரையில் முப்பது பேர் அதே வடிவில் ரப்பருக்குள் புகுந்து கடலில் இறங்குவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒருநாள் முடிந்த உடுப்பொன்றைப் பொதிசெய்து விலாசம் எழுத என்னிடம் தந்துவிட்டுப் போனாள். வீட்டில் நான் தனி. மனைவி போய்ச்சேர்ந்து ஆறு வருடம். அதன் கைக்குள் என் கையை முழங்கை வரை விட்டேன். குளிர்ச்சியாக இருந்தது; பிறகு சூடேறியது. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் என் கையை யாரோ பிடித்திருப்பது போல இருந்தது. அதை உடனே எடுக்க எனக்கு மனம் வரவில்லை. எடுத்தபோது என்மேலேயே எனக்குப் பயம் வந்தது.

அடுத்த கிழமை, முன்பு அனுப்பிய ஒரு பூனை உடுப்பைப் போட்ட ஒருவரின் படம் யாருடையவோ தொலைபேசியில் ஊரெல்லாம் சுற்றியது. சங்கத்து மெஷினில் என்ன தைக்கிறாள் என்று கேட்கச் சங்கம் கூடியது. கடிதங்களை வாசிக்க என்னைக் கூப்பிட்டார்கள். "மாஸ்டர் வாசிச்சால் சரியாய்த்தான் இருக்கும்," என்று அவளே தொலைபேசியை என் கையில் தந்தாள்.

படத்தில் இருந்தவர் எழுதிய கடிதம் இப்படி இருந்தது: இதைப் போடும்போது எனக்கு இன்பம் வருகிறது, அதில் எனக்கு வெட்கமில்லை. என் உடம்பு முழுவதையும் யாரோ ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்வது போல இருக்கிறது. பல வருட நடுக்கம் நிற்கிறது. இதைத் தைத்த கைகளுக்கு நன்றி சொல்லுங்கள்.

முதல் வசனத்தை வாசித்து நிறுத்திவிட்டேன். ஒரு சொல்லையும் நான் பிழையாகப் பெயர்க்கவில்லை. அடுத்த வசனம் என் கையைப் பற்றியது போல இருந்தது, அதை நாலுபேர் முன்னால் வாசிக்க எனக்குத் துணிவு வரவில்லை. "மிச்சமும் இப்பிடித்தான்," என்றேன். அன்றைக்கே பின்னறையைப் பூட்டினார்கள். குளிப்பவர்கள் தங்கள் கிழிந்த உடுப்புகளை அவளிடம் தைக்கக் கொடுப்பதையும் நிறுத்தினார்கள்.

இரண்டு மாதம் தாங்கினார்கள். பிறகு அவன் கடலுக்குப் போனான். போகும்போது வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மாஸ்டர், பூனை கடலுக்குப் போகுது," என்றான். மத்தியானம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பு வீங்கி உடுப்பு கழலவில்லை. தன் கத்தரிக்கோலால் கழுத்திலிருந்து இடுப்புவரை அவளே வெட்டினாள். அவன் பிழைத்துக்கொண்டான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை.

அதன்பிறகு சங்கத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்டு, கடிதத்தை முழுவதும் வாசித்தேன். "அப்ப அண்டைக்கு ஏன் நிப்பாட்டினனீங்கள், மாஸ்டர்?" என்று தலைவர் கேட்டார். என் கையை விட்டுப் பார்த்ததைச் சொன்னேன். பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. பின்னறைப் பூட்டின் திறப்பை அவளிடம் கொடுக்கச் சொல்லி என்னிடமே தந்து விட்டார்கள்.

திறப்போடு அவளிடம் போனேன். அவள் அதை வாங்கவில்லை.

"முழுக்க வாசிச்சனீங்களாம், கேள்விப்பட்டனான்," என்றாள். "எனக்கு ஒருநாளும் முழுக்க வாசிச்சுக் காட்டேல்லையே, மாஸ்டர். அளவை மட்டும்தானே சொன்னனீங்கள்."

முற்றத்தில் நின்று வாசித்தேன். நன்றி சொன்ன இடத்தில் அவள் தன் கைகளைப் பார்த்தாள். உள்ளேயிருந்து அவனுடைய குரல் வந்தது.

"எல்லா இடத்தையும் பிடிச்சமாதிரி இருக்குமாமே. எனக்கும் ஒண்டு தையுமப்பா. இடுப்புக்குக் கீழ தெரியுதோ எண்டு பாப்பம்."

அவள் குசினிக்குள் போய் அடுப்பை ஊதத் தொடங்கினாள்.

திறப்பு இன்னும் என் மேசையில் கிடக்கிறது. வெட்டிய உடுப்பை அவள் தைக்கவுமில்லை, கொடியிலிருந்து எடுக்கவுமில்லை. மேற்பாதி பிளந்து தொங்குகிறது. கீழ்ப்பாதியில் ஒரு கீறலும் இல்லை. சோளகக் காற்று எழும்பும்போது அந்த இரண்டு கால்களும் முன்னும் பின்னுமாக என் யன்னலை நோக்கி நடக்கின்றன.