ஒலக்கூர்க்காரர் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன கதை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு விழுப்புரம் சந்திப்பில் இறங்கினேன். திருச்சியில் என் வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்த ஜெயந்தனுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. பெண்ணின் அப்பா மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார், எங்கள் பக்கம் பேச ஒரு பெரிய மனுஷர் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தான். என்னை யாரும் அப்படிச் சொல்லி அழைத்ததில்லை. உடனே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

ஜெயந்தன் வீடு என்பது திண்டிவனத்துக்குக் கிழக்கே உள்ள ஓர் அகதி முகாமில் ஓர் அறை. அவன் அப்பா அம்மா மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். அப்பா இறந்துவிட்டார். ஜெயந்தன் பிறந்தது திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரியில். பேச்சு, சண்டை, சாப்பாடு எல்லாம் இந்த ஊர்தான். ஆனால் அரசாங்கக் காகிதத்தில் ஓரிடத்தில் அகதி, இன்னோரிடத்தில் சட்டவிரோதக் குடியேறி. எது அவன் என்று அவனையே கேட்டேன். "ரெண்டும் நான்தான்ண்ணா, பேஜாரு" என்றான்.

திண்டிவனம் பஸ்ஸில் முப்பது ரூபாய் டிக்கெட். நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முன் இருக்கையில் ஒருவர் போனில் டிவி விவாதத்தைச் சத்தமாக வைத்திருந்தார். ஊடுருவல், எல்லை, வேலி என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். போன்காரர் எல்லையை மொத்தமாக மூட வேண்டும் என்றார்.

"எந்த எல்லைய? இங்க கெடக்குற பாண்டிச்சேரி எல்லைய மூட முடியுதா? டெய்லி எத்தினி பாட்டிலு வந்துக்கினு இருக்குது!" என்றார் கண்டக்டர்.

"பாட்டிலும் ஆளும் ஒண்ணாங்க?"

"பாட்டிலாவது ஒரு நாள்ல தீந்துரும்" என்று பக்கத்தில் இருந்த அம்மாள் சொல்ல, பஸ்ஸே சிரித்தது. கடைசி இருக்கையில் வடக்கத்திப் பையன்கள் மூன்று பேர் கொத்து வேலைக்கான கரணை, மட்டப்பலகைப் பைகளை அணைத்துக்கொண்டு தூங்கினார்கள். வேலி வேண்டும் என்றவர் பேசும்போது சரிதானே என்று பட்டது. மற்றவர் பேசும்போது அதுவும் சரி என்று பட்டது. எனக்கு இது பழைய வியாதி. கடைசியாகப் பேசியவர் பக்கம் சாய்ந்துவிடுவேன்.

எட்டரை மணிக்குத் திண்டிவனம் பஸ் நிலையத்தில் பெண்ணின் அப்பா ஆரோக்கியசாமி காத்திருந்தார். ஒலக்கூர்ப் பக்கம், கொத்தனார் மேஸ்திரி. வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பேனா. அவர் மகள் மெர்சி வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக்கு ஜெயந்தன் பெயின்ட் அடிக்கப் போனதில்தான் இத்தனையும் ஆரம்பம். இரண்டு பேரும் ஒரே மதம் என்பதால் சர்ச்சில் தடை இல்லை. தடை வேறு இடத்தில்.

டீ குடித்தோம், பன்னிரண்டு ரூபாய். மேஸ்திரி உடனே நாட்டு நடப்புக்கு வந்துவிட்டார்.

"எங்கிட்ட எட்டு ஆளு வேல செஞ்சிக்கினு இருந்தாங்க சார். இப்ப ரெண்டு பேரு. எல்லா சைட்டுலயும் இந்திக்காரப் பசங்க. எவன் நம்ம நாடு, எவன் பங்களாதேசு, யாரு கண்டா? கணக்கெடுத்து வெளியாள மொத்தமா அனுப்பணும்."

"மாப்பிள்ளையும் கணக்குப்படி வெளியாள்தானே மேஸ்திரி?"

"அது வேற சார்" என்றார். எப்படி வேறு என்று அவர் சொல்லவில்லை. எனக்கும் வேறு என்றுதான் தோன்றியது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. ஆறு பேர் வேலையை இழந்த கோபம் பொய்யில்லை.

மரக்காணம் பஸ் பிரம்மதேசம் வழியாகப் போனது. இரண்டு பக்கமும் மல்லாட்டை என்று இங்கே சொல்லும் நிலக்கடலைக் கொல்லை. வழியில் மேஸ்திரி எனக்கு முறையை விளக்கினார். பெண் வீட்டார் சம்மதம் ஆகும்வரை மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கக் கூடாது. காபி, டீ பரவாயில்லை. சோற்றில் கை வைத்தால் பெண்ணைக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். "வூட்டப் பாப்பேன், கேக்க வேண்டியதக் கேப்பேன், வந்துருவேன். இன்னிக்குக் கை நனைக்கிறதா இல்ல." எங்கள் திருச்சியிலும் இதே வழக்கம்தான். அவர் சொன்ன உறுதியில் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

முகாம் வாசலில் ஜெயந்தன் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றான். மேசை போட்டு உட்கார்ந்திருந்த முகாம் காவலர் ஆதார் கேட்டார். வெளியாட்கள் யார் வந்தாலும் காட்டிவிட்டுத்தான் போக வேண்டுமாம். என்னுடையது போனில் இருந்தது. மேஸ்திரி பாக்கெட்டைத் தடவினார். பேனாதான் இருந்தது.

"நான் ஒலக்கூருங்க. இதே ஜில்லா. எனக்கு எதுக்குங்க ஆதாரு?"

"நீங்க யாருன்னு எனக்கு எப்டிங்க தெரியும்?" என்றார் மேசைக்காரர், மரியாதையாகத்தான்.

மேஸ்திரி பொங்கப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ முகமெல்லாம் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "கரெக்டு. இப்டித்தான் கேக்கணும்" என்றார். அடுத்த நிமிஷமே, "எம்பொண்ணு வாழப்போற வூட்ட நான் பாக்கக் கூடாதாமே!" என்று என்னிடம் எரிந்து விழுந்தார். இரண்டும் மனதிலிருந்துதான் வந்தன. நான் எதற்குத் தலையாட்டுவது?

முடிவாக, நான் உள்ளே போய் அவருக்காக வீட்டைப் பார்த்து வருவது என்று ஆயிற்று. திருச்சிக்காரன் உள்ளே, உள்ளூர்க்காரர் வெளியே. பத்தடிக்குப் பன்னிரண்டு அறை. நாலு சுவருக்கும் நாலு நிறம், வேலை செய்த இடங்களில் மிஞ்சிய பெயின்ட். ஜெயந்தனின் அம்மா, "வாங்கோ தம்பி, சம்பந்தி வரேல்லையோ?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவர் முதுகைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

வெளியே வந்து சொன்னேன். மேஸ்திரி குறுக்கு விசாரணை செய்தார்.

"கதவு உள்பக்கம் தொறக்குதா, வெளிப்பக்கமா?"

"கவனிக்கவில்லை."

"செவுத்துல ஓதம் ஏறி ஈரமா இருக்குதா?"

"பெயின்ட் நன்றாக இருந்தது."

"பெயின்ட்ட எவன் கேட்டான்?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போது ஜெயந்தனின் அம்மா பாத்திரங்களோடு வாசலைத் தாண்டி வந்தார். எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் எங்கள் இரண்டு பேருக்கும் இலை போட்டார். சோறு, மீன் குழம்பு, மஞ்சளாய்த் தேங்காய்ப் பாலில் வைத்த சொதி. "வீட்டுக்கு வர ஏலாட்டி என்ன? இருந்து சாப்பிடுங்கோ" என்றார். சம்மதத்துக்கு முன்னே சோறா என்று தடுக்க வந்த ஜெயந்தன், மேஸ்திரியைப் பார்த்ததும் ஒதுங்கிக்கொண்டான்.

மேஸ்திரி இலைமுன் உட்கார்ந்தார், கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு. கொழந்த பொறந்தா அது எந்த நாடு?"

ஜெயந்தன் என்னைப் பார்த்தான். இதற்குத்தானே பெரிய மனுஷனைக் கூப்பிட்டது? "இந்தியாதான். அம்மா இந்தியாதானே" என்று அடித்துச் சொன்னேன். சொன்ன வேகத்திலேயே சந்தேகம் வந்து, திருச்சியில் வக்கீலாக இருக்கும் நண்பனைப் போனில் கூப்பிட்டேன். பெற்றவர்களில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்று கொண்டால், இங்கே பிறந்தாலும் குடியுரிமை தானாக வராது என்றான். பதிவு செய்த அகதியைத் தண்டிக்க மாட்டார்களாம், ஆனால் அதனால் அவன் குடிமகன் ஆகிவிட மாட்டானாம். கோர்ட்டுக்குப் போனால் வாதாடலாம், நிச்சயம் சொல்ல முடியாது என்றான். கேட்டதை அப்படியே சொன்னேன்.

"தெரியாதுங்க மாமா" என்றான் ஜெயந்தன். "நான் எந்த நாடுன்னே இன்னும் முடிவாவுல. மெர்சி கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். தெரிஞ்சிதான் சரின்னுச்சு."

மேஸ்திரி இலையைப் பார்த்தார். சொதி ஓரத்தில் வழிந்து பெஞ்சில் சொட்டியது. பிறகு, "தண்ணி குடுங்கம்மா" என்று கையை நீட்டினார். அவர் கழுவின கையால் சோற்றைப் பிசைந்தபோது ஜெயந்தனின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மீன் காரம் என்று சமாளித்தேன்.

மூன்று மணிக்குத் திண்டிவனம் திரும்பினோம். பஸ் நிலையத்தில் ஒலக்கூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றபோது மேஸ்திரி என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"சார், அந்த வக்கீலக் கேட்டு சொல்லுங்க. கொழந்த பொறந்ததும் நானும் எம்பொஞ்சாதியும் பெத்ததுன்னு எழுதிட்டா, அது இந்தியா ஆயிடும் இல்ல?"

"மேஸ்திரி, அது குற்றம். பொய்ச் சான்றிதழ். ஜெயில்."

"அது யாருக்குத் தெரியப் போவுது?" என்று சொல்லிவிட்டு, நகர்ந்த பஸ்ஸில் ஜல்தியாக ஏறிக்கொண்டார்.