மாவுசியின் சொந்த டாக்சி

பதினோரு வருடமாக மாவுசி ஓட்டியதெல்லாம் அடுத்தவர் டாக்சி. அஷைமான் ஊர் டாக்சி ஸ்டாண்டில் பெண் டிரைவர் அவள் ஒருத்திதான். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "டிரைவர் எங்கம்மா?" என்று கேட்பவர்களுக்கு அவள் வாயால் பதில் சொன்னதில்லை, கியரைப் போட்டுக் கிளம்பிவிடுவாள்.

ஸ்டாண்டில் வண்டி நிறுத்த ஓர் இடம் காலியானபோது தலைவர் நார்ட்டி கறாராகச் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொந்த வண்டி, நம்பர் பிளேட்டோட வந்து நில்லு. இல்லேன்னா இடம் அடுத்த ஆளுக்கு. அப்புறம் எங்கிட்ட கண்ணைக் கசக்கக் கூடாது."

"நான் எப்போ கசக்கியிருக்கேன்? இடத்தைப் பாத்துக்கங்க."

தேமா துறைமுகத்துக்கு வெளியே, பழைய கார் விற்கும் மைதானத்தில், வியாபாரி யூசிஃப் அவளை ஒரு நீல வண்டியிடம் இழுத்துப் போனான். பளபளப்பில் முகம் பார்க்கலாம். மாவுசி அதைத் தாண்டிப் போய், கதவு நசுங்கிய ஒரு சாம்பல் வண்டியின் பானெட்டைத் திறந்து வெகுநேரம் குனிந்திருந்தாள்.

"அக்கா, பொண்ணு கேட்டு வந்துட்டு மாமியாரைக் கூட்டிட்டுப் போறீங்களே!"

"மாமியாருக்குத்தான் சமைக்கத் தெரியும். சாவியைக் குடு."

சுங்க வரி கட்டி, வண்டியின் நாலு மூலைக்கும் டாக்சிக்கான மஞ்சள் பெயிண்ட் அடித்து, தீயணைப்பு உருளையும் வாங்கி வைத்து, வெள்ளிக்கிழமை மதியம் பதிவு அலுவலகத்தில் வண்டியை நிறுத்தினாள். பரிசோதகர் அசாரே வெள்ளைச் சட்டைக்காரர். காகிதத்தைப் புரட்டியவர் முகத்தைச் சுளித்தார்.

"துபாய் வழியா வந்திருக்கு. வலது பக்கம் ஸ்டியரிங் இருக்கற வண்டியை அங்க கொண்டுபோய், நம்ம ஊருக்கு ஏத்த மாதிரி இடது பக்கம் மாத்தி, என் தலையில கட்டப் பாக்கறாங்க. அப்படி மாத்தின வண்டிக்கெல்லாம் நம்பர் கிடையாது. ஓரமா விடுங்க, திங்கக்கிழமை மெக்கானிக் பாக்கட்டும்."

திங்கட்கிழமை என்றால் இடம் போச்சு.  மாவுசி பானெட்டைத் தூக்கினாள்.

"சார், சட்டைக் கையை மடிச்சுக்கங்க."

"எதுக்கு?"

"எஞ்சினுக்குப் பின்னாடி ஒரு தகடு இருக்கில்ல, வலது பக்கம் தடவிப் பாருங்க. ஸ்டியரிங்கை மாத்தினவன் பழைய ஓட்டையை அங்க வெல்டிங் வெச்சு அடைச்சிருப்பான். பெயிண்ட் அடிச்சுக் கண்ணை ஏமாத்தலாம், விரலை ஏமாத்த முடியாது. தழும்பு தட்டுப்பட்டா வண்டியை நீங்களே வெச்சுக்கங்க."

"இதெல்லாம் உங்க டிரைவர் சொல்லிக் குடுத்தாரா?"

"நான்தான் டிரைவர்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "சட்டை அழுக்காயிடும்னு பயப்படறாருப்பா!" என்று யாரோ ஒருவன் குரல் கொடுத்தான்.

"எஞ்சின் சூடு சார், பாத்து."

அசாரே முழங்கைவரை உள்ளே விட்டார். ஒருமுறை தடவினார், நம்பாமல் மறுபடியும் தடவினார். கை கரியாக வெளியே வந்தது.

"வழவழன்னு இருக்கு," என்று முணுமுணுத்தார். அதன் பிறகு விளக்கு, ஹாரன், பிரேக். அலுவலக மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அவர் காட்டிய கோட்டில் அங்குலம் பிசகாமல் நிறுத்தினாள். முத்திரை விழுந்தது.

நம்பர் பிளேட்டைத் தன் கையாலேயே முடுக்கினாள். அதற்குள் அசாரே, கோட்டு சூட்டு போட்ட ஒருவரின் வண்டிக்குள் கையை விட்டிருந்தார்.

"மேடம், இங்க என்னமோ சொரசொரன்னு இருக்கு, கொஞ்சம் வாங்களேன்!"

"அதான் தழும்பு சார். எனக்கு நேரமாச்சு!"

நாலரை மணிக்கு அஷைமான் ஸ்டாண்டில் நார்ட்டி பிளேட்டை ஒருமுறை படித்தார். வாயில் கெங்கி என்கிற சோளக்களி உருண்டை. கையை ஆட்டி, அவள் வண்டிக்கு இடம் விடப் பின்னால் நின்ற வண்டிகளை நகர்த்தச் சொன்னார்.