மதிலை ஒட்டிய தடம்

எங்களைப் போன்ற குண்டுப் பிள்ளைகளுக்கு உடம்பு குறைக்க ஒன்லைனில் சொல்லித்தந்த அந்த அக்காவை நான் போன் திரையில் மட்டும்தான் கண்டிருக்கிறேன். வட்ட முகம், வியர்வையில் கரைந்த திருநீறு. கதைக்கும்போதெல்லாம் நடந்துகொண்டே இருப்பார். முகம் ஆடி ஆடி வரும்.

ஒருநாள் கேட்டார்: "தங்கச்சி, உங்களுக்குப் பின்னாலை ஏன் எப்பவும் கிணறு தெரியுது? வெளியாலை, தெருவுக்கு, ஒழுங்கையிலை இறங்கி நடவுங்கோவன்."

"வீட்டு வளவுக்குள்ளைதான் சுத்துறன், அக்கா. ஒழுங்கையிலை கண்டால் சனம் சிரிக்கும்."

அவர் நின்றார். பிறகு கமராவை மெல்லத் திருப்பினார். அவருடைய வளவின் உயர்ந்த மதில், உள்ளுக்குள் பூட்டிய கேற், மதிலை ஒட்டி அவர் நடந்து நடந்து புல் தேய்ந்த தடம்.

"மற்றப் பிள்ளையளுக்குச் சொல்லிப்போடாதைங்கோ" என்றார், முகத்தைக் காட்டாமலே.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. எங்கள் கொக்குவில் ஒழுங்கையில் இறங்கி நடக்கவும் இல்லை.