பத்து மான் தொங்கினால் கடை இருக்கும்

ரெய்னோ ஹைக்கினன் கடையில் பூட்ஸ் போட்டுப் பார்க்கக் காசு கிடையாது. அதனால் டாமரக் ஊரில் எல்லோருக்கும் தங்கள் கால் அளவு துல்லியமாகத் தெரியும். மூன்று ஜோடி போட்டுப் பார்ப்பார்கள், கடைக்குள்ளேயே இரண்டு நடை நடப்பார்கள், முட்டி போட்டு ஒரு தரம் சுடுவதுபோல் பாவனை செய்வார்கள். பிறகு பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போய்விடுவார்கள். மனைவி இறந்து ஒன்பது வருடமானவரும் வீட்டில் கேட்கத்தான் போனார். நான்கு நாளில் அதே பூட்ஸ் தபாலில் வந்து அவர் காலில் இருக்கும்.

ரெய்னோவுக்கு வயது அறுபத்தொன்று. கடை அவருடைய அப்பா தொடங்கியது. துப்பாக்கி, தோட்டா, தூண்டில், கம்பளிக் காலுறை, மான் கூப்பிடும் ஊதல், பனியில் நடக்கக் காலில் மாட்டும் சட்டம் எல்லாம் அங்கே உண்டு. நாற்பது வருடமாக ஊருக்கெல்லாம் வேட்டைச் சாமான் விற்றவர், மான் வேட்டை தொடங்கும் நவம்பர் பதினைந்தாம் தேதி ஒருமுறைகூடக் காட்டுக்குப் போனதில்லை. அன்று பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. கடைக்கு மட்டும் கிடையாது. யாராவது ஒருவர் தோட்டாவை வீட்டில் மறந்துவிட்டு வருவார். அந்த ஒருவருக்காக ரெய்னோ காலை நான்கு மணிக்கே விளக்குப் போட்டு உட்கார்ந்திருப்பார். சொல்லப்போனால் அந்த ஒருவர் பெரும்பாலும் க்ளிஃப் பெல்டோலாதான். க்ளிஃப் அவருடைய பள்ளித் தோழர்.

கடை வாசலில் மான்கம்பம் இருக்கிறது. இரண்டு கால்கள்மேல் ஒரு நீளமான உத்தரம், அதில் கொக்கிகள். முதல் நாள் சாயங்காலம் சுட்ட கொம்பு மானைக் கொண்டுவந்து அதில் தொங்கவிட்டால்தான் மேல் தீபகற்பம் என்று சொல்லும் எங்கள் வடக்குப் பகுதியில் மான் சுட்டதாக அர்த்தம். வீட்டுக் கொட்டகையில் தொங்கும் மானை யாரும் நம்புவதில்லை. போன வருடம் கம்பத்தில் இருபத்து மூன்று தொங்கின. அதற்கு முந்தைய வருடம் முப்பது. கம்பத்தடியில் நின்று எல்லோரும் இறைச்சி அடைத்த பேஸ்டி தின்பார்கள், காபி குடிப்பார்கள், சுட்ட தூரத்தைப் பற்றிப் பொய் சொல்வார்கள். பேஸ்டியும் காபியும் ரெய்னோ செலவு. பொய் அவரவர் செலவு.

இந்த வருடம் செப்டம்பரில் ஒரு பெண்மணி கடைக்கு வந்தார். எதையும் போட்டுப் பார்க்கவில்லை. எல்லாப் பொருளையும் மலிவு விலைக்கு விற்கும் ஒரு பெரிய கடைக் கூட்டத்தின் ஆள். கடைக் கட்டிடத்தை அப்படியே வாங்கிக்கொள்கிறோம், கம்பத்தை எடுத்துவிட்டு அங்கே வண்டி நிறுத்த இடம் போடுவோம் என்றார். ரெய்னோ நவம்பர் பதினைந்து இரவு பதில் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

அன்று சாப்பாட்டு மேசையில் மனைவி டார்லீனிடம் தன் கணக்கைச் சொன்னார். கம்பத்தில் பத்து மான் தொங்கினால் ஊர் இன்னும் நம்முடையது, கடை இருக்கும். ஒன்பது என்றால் விற்றுவிடுவது. டார்லீன் சரி என்றார். அதோடு விட்டிருக்கலாம். அடுத்த வாரம் ரெய்னோ ஒரு பலகையில் எழுதிக் கம்பத்தில் அறைந்தார்: ‘வேட்டைச் சாமானை ஆன்லைனில் வாங்கியவர்களின் மான் இந்தக் கம்பத்தில் தொங்காது.’

டார்லீன் காரை நிறுத்திப் படித்துப் பார்த்தார்.

“பத்து மான் வேணும்னு சொன்னதும் நீதான், இதை எழுதினதும் நீதான். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா நீ போன வாரமே கடையை மூடிட்ட.”

“யாரு வாங்கறாங்கன்னு நீ பேரைச் சொன்னா பலகையே தேவையில்ல.”

பேரைச் சொல்ல டார்லீனால் முடியாது. காரணம், அவர் எங்கள் ஊர்த் தபால்காரர்.

இருபத்தாறு வருடமாக டாமரக்கின் கிராமப் பாதை முழுவதும் தபால் கொண்டுபோவது டார்லீன்தான். எங்கள் பக்கத்தில் தபாலுக்குச் சொந்தக் கார்தான். வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, இடது கையை நீட்டி இடப்பக்கம் இருக்கும் ஸ்டியரிங்கைப் பிடித்து, இடது காலை எட்டிப் போட்டு பிரேக்கை மிதித்து, வலது கையால் பெட்டியில் கடிதம் போடுவார். புருஷனின் கடையைத் தின்னும் பார்சல் ஒவ்வொன்றும் அந்தக் காரில்தான் வந்தது. எந்த வீட்டுக்கு எந்த அளவில் எத்தனை பெட்டி என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். யாருக்கு என்ன வந்தது என்று வெளியில் சொல்லமாட்டேன் என்று வேலையில் சேரும்போது சத்தியம் செய்திருக்கிறார். ரெய்னோ இரவுச் சாப்பாட்டில் நேராகக் கேட்பார், சுற்றி வளைத்துக் கேட்பார், பார்சல் கொண்டுபோனால் பாஸ்டர் வீட்டு நாய் இப்போதும் குரைக்கிறதா என்று நாய் வழியாகவும் கேட்பார். டார்லீன் உருளைக்கிழங்கை அவர் பக்கம் தள்ளுவார்.

நவம்பர் முதல் வாரத்தில் ரெய்னோ இன்னொன்றும் கேட்டார். கடைக்கு ஏதாவது வந்ததா என்று சும்மா கேட்பதுபோல இரண்டு முறை. இல்லை என்றார் டார்லீன்.

பன்னிரண்டாம் தேதி டார்லீனின் கார் சாலைப் பள்ளம் ஒன்றில் இறங்கி ஏறியதில் பின்னிருக்கைப் பெட்டி ஒன்றுக்குள் ஒரு பாட்டில் உடைந்தது. உள்ளே இருந்தது பெட்டை மான் மூத்திரம். இணை தேடும் பருவத்துப் பெட்டையிடம் பிடித்தது. வேட்டைக்காரர்கள் அதைக் காட்டில் நாலு சொட்டுத் தெளித்துவிட்டுக் காத்திருப்பார்கள், ஆண்மான் தேடிக்கொண்டு வரும். நாலு சொட்டுக்கே வரும். இங்கே கவிழ்ந்தது முழுப் பாட்டில். வெளியே பனி, கண்ணாடிகள் மூடியிருந்தன, காருக்குள் ஹீட்டர் முழு வேகத்தில் ஓடியது. உடைந்த பெட்டியை டார்லீன் திரும்பும்போது தபால் அலுவலகத்தில் ஒப்படைத்தார். வாடை ஏறிய மற்ற பார்சல்களை ஒன்று விடாமல் உரிய வீடுகளில் சேர்த்தார். அது அவர் கடமை.

பதிமூன்றாம் தேதி ஊரில் யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை.

பதினான்காம் தேதி காலை கடை திறந்ததும் க்ளிஃப் வந்தார். மான் மூக்குக்கு மனித வாடை எட்டாமலிருக்க வேட்டைக்கு முன் தேய்த்துக் குளிக்கும் பச்சை சோப்பு இருக்கிறதா என்றார். துணி துவைக்கவும் ஆகும்தானே என்றும் கேட்டார். தனக்கில்லையாம், நாய்க்காம். ரெய்னோ எடுத்துக் கொடுத்தார். அடுத்து பல் டாக்டர், தங்கை மகனுக்காக வாங்கினார். பிறகு பாஸ்டர் நூர்க்விஸ்ட் வந்தார். தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் ஏதோ பிராணி புகுந்துவிட்டதாக வருத்தத்தோடு சொல்லி நான்கு கட்டி வாங்கினார். ஒவ்வொருவர் வந்து போகும்போதும் கடைக்குள் ஒரு வாடை வந்து போயிற்று. மதியத்துக்குள் ரெய்னோவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆன்லைனில் போட்டால் சோப்பு வர மூன்று நாளாகும், வேட்டை நாளைக் காலையில். நாலு மணிக்குள் கடையில் சோப்பு தீர்ந்தது, அட்டை மஞ்சளாகிப்போன ஆறு வருடப் பழைய சரக்கு உட்பட. ஆறு வருடத்தில் கடையின் மிக நல்ல வியாபாரம் அன்றுதான்.

நானும் ஒன்று வாங்கினேன். எனக்கு வந்திருந்தது காலுறை மட்டும்தான், அதை வேட்டைச் சாமான் என்று சொல்ல முடியாது.

இரவு ரெய்னோ மேசையில் உட்கார்ந்து, “முப்பத்தொண்ணு பேர்” என்றார்.

“நான் ஒரு வார்த்தை சொல்லல” என்றார் டார்லீன்.

“உன் கார் சொல்லிடுச்சு.”

“கார் சத்தியம் பண்ணல.”

மறுநாள் வேட்டை எப்படி நடந்தது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். சோப்பு மனித மூக்குக்கு ஓரளவு வேலை செய்தது என்பதையும், மானின் மூக்குக்குச் செய்யவில்லை என்பதையும் மட்டும் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். பாஸ்டர் சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு மான் நேராக வந்து அவரைச் சற்று நேரம் ஆசையாகப் பார்த்ததாம். க்ளிஃப் மரத்திலிருந்து இறங்கவே முடியாதபடி கீழே இரண்டு நின்றனவாம். இதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் இருட்டும் நேரத்துக்குக் கம்பத்தின் முன்னால் மான் ஏற்றிய வண்டிகள் ஒன்பது வரிசையாக நின்றன. சுட்டவர்கள் அதற்கு மேலும் உண்டு. பலகைக்குப் பயந்து பாதிப் பேர் பக்கத்து ஊர்க் கம்பத்துக்குப் போய்விட்டார்கள். ரெய்னோ கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்பத்தடியில் நின்றார். கம்பம் காலியாக இருந்தது.

முதலில் க்ளிஃப் வந்து கயிற்றுக்குக் கை நீட்டினார். ரெய்னோ அந்தக் கையைப் பிடித்துச் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தார்.

“ஜாக்கெட் எங்க வாங்கினது?”

“உன் கடையிலதான்டா.”

“என் கடையில இந்த ஜாக்கெட்ல பெரிய சைஸ் வந்ததே இல்ல, க்ளிஃப்.”

“அதனாலதான்டா” என்றார் க்ளிஃப்.

ரெய்னோ கயிற்றைக் கொடுக்கவில்லை. பாஸ்டர் இரண்டாவது ஆள். கேட்பதற்கு முன்னாலேயே ஒப்புக்கொண்டார். ஆனால் பூட்ஸைப் போட்டுப் பார்த்தது ரெய்னோவின் கடையில்தான், மூன்று தடவை வந்து போட்டுப் பார்த்தேன் என்று சொன்னார். அதை நல்ல விஷயமாக நினைத்துத்தான் சொன்னார். மூன்றாவது ஆள் பல் டாக்டர், அவரிடம் கேட்கவே தேவைப்படவில்லை. பின்னால் நின்ற மற்றவர்கள் தங்கள் ஜாக்கெட்டைத் தாங்களே முகர்ந்து பார்த்துக்கொண்டார்கள். ஒன்பது வண்டிகளும் நின்றன, யாரும் திரும்பிப் போகவுமில்லை. பேஸ்டி ஆறிக்கொண்டிருந்தது.

அப்போது ரெய்னோ கூட்டத்தைப் பார்த்து ஒரு சிறு பேச்சுப் பேசினார். ஜாக்கெட் வாங்கியவனை, பூட்ஸ் வாங்கியவனை ஒரு நாள் மன்னித்தாலும் மன்னிப்பேன். ஆனால் என் கடை அலமாரியில் எப்போதும் இருக்கும் சரக்கை, என் அப்பா காலத்திலிருந்து நாங்கள் விற்கும் மான் மூத்திரத்தைப் போய் ஆன்லைனில் வாங்கி, என் மனைவியின் காரிலேயே கொட்டவைத்த அந்த ஒருத்தன் மட்டும் இந்தக் கம்பத்தின் பக்கமே வரக் கூடாது. சாகும்வரைக்கும். யார் அது என்று தெரிய வேண்டும் என்றார். கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

அந்த நேரத்தில் டார்லீனின் கார் வந்தது. முன்பக்கம் நசுங்கியிருந்தது, ஒரு விளக்கு இல்லை, கூரைமேல் ஒரு கொம்பு மான் கட்டியிருந்தது. தபால் பையோடு இறங்கிய டார்லீன் நடந்ததைச் சொன்னார். பாதையின் கடைசிப் பெட்டியில் கடிதம் போட்டுக்கொண்டிருந்தபோது மான் காட்டிலிருந்து ஓடிவந்து காரைக் காதலித்ததாம். கார் தாக்குப்பிடித்தது, மான் விழுந்தது. ஷெரிஃப் ஆபீஸ் ஆள் வந்து, எடுத்துப்போகலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்து, மேலே ஏற்றியும் விட்டுப் போனாராம். மானுக்கு ஒரு கொம்புதான் இருந்தது. இன்னொன்று ரேடியேட்டரில் இருந்தது.

“கயிறு கொடு” என்றார் டார்லீன்.

“கார் மோதினதெல்லாம் கணக்குல வராது.”

“பலகையில அப்படிப் போடலயே. ஆன்லைன்ல வாங்கினவங்க மான் தொங்காதுன்னுதான் போட்டிருக்கு. நான் ஒண்ணும் வாங்கினதில்ல. பூட்ஸ் உன் கடை, கோட்டு உன் கடை. நான் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவ்வளவுதான்.”

கூட்டம் யோசித்துப் பார்த்தது. ஊரில் ஆன்லைனில் வேட்டைச் சாமான் வாங்காத ஒரே ஆள் டார்லீன்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ரெய்னோ விடவில்லை. உன் மானைத் தொங்கவிடுகிறேன், அதற்கு முன்னால் அந்த மூத்திரக்காரன் பேரைச் சொல் என்றார். எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“சொல்லக் கூடாது” என்றார் டார்லீன். “உரியவர்கிட்ட மட்டும்தான் சொல்லலாம்.”

தோள்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். பார்சல் சேதமானால் பெறுநரிடம் கையெழுத்து வாங்கும் தாள் அது. ரெய்னோ முன்னால் நீட்டினார்.

“இங்க ஒரு கையெழுத்துப் போடு. பன்னிரண்டு பாட்டில்ல ஒண்ணு உடஞ்சுது. பதினொண்ணு ஆபீஸ்ல இருக்கு, காலையில வந்து வாங்கிக்க.”

ரெய்னோவுக்குச் சரக்கு கொடுக்கும் மொத்த வியாபாரி அந்தப் பாட்டிலுக்குச் சொன்ன விலையைவிட, ஆன்லைனில் யார் வேண்டுமானாலும் வாங்கும் விலை குறைவு என்பது பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. அலமாரியில் பாட்டில் தீர்ந்துபோயிற்று, வியாபாரி இருபதாம் தேதிக்குத்தான் அனுப்புவேன் என்றான், வேட்டை பதினைந்தில். வேறு யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். முப்பத்தொரு பேர் செய்திருந்தார்கள். உடைந்தது தன்னுடையதுதான் என்று பேச்சுப் பேசும்போதே ரெய்னோவுக்குத் தெரியுமா, தெரியாதா என்று ஊர் இன்னும் இரண்டு கட்சியாகத்தான் இருக்கிறது.

குளிரில் பேனா எழுதவில்லை. பாஸ்டர் ஒரு பென்சில் கொடுத்தார். ரெய்னோ கையெழுத்துப் போட்டார். யாரும் சிரிக்கவில்லை. க்ளிஃப் மட்டும் இருமினார், ரொம்ப நேரம்.

பிறகு ரெய்னோ சுத்தியலின் பின்பக்கத்தால் பலகையைக் கழற்றி, தான் ஏறி நிற்க வசதியாகக் கம்பத்தின் காலடியில் போட்டுக்கொண்டு, கயிற்றைக் க்ளிஃபிடம் கொடுத்தார். ஒன்பது மான்கள் ஏறின. பத்தாவதாக ஒற்றைக் கொம்பு மான் ஏறியது. அதைப் பாதி மான் என்று சொல்ல ஓரிருவர் வாய் திறந்தார்கள், டார்லீன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்கள். ரெய்னோ இரண்டு முறை எண்ணினார். உள்ளே போய்ப் போன் செய்தார். கடையை வாங்க வந்த பெண்மணி காரணம் கேட்டிருக்க வேண்டும். “கம்பத்துல இடம் இல்ல” என்று ரெய்னோ சொன்னது வெளியே கேட்டது. கம்பத்தில் இன்னும் இருபது கொக்கி காலியாக இருந்தது.

மறுநாள் காலை பதினொரு பாட்டிலும் அலமாரியில் இருந்தன, ஆன்லைன் விலைக்கு மேல் இரண்டு டாலர் சேர்த்து. முதல் ஆளாக வந்த க்ளிஃப் ஒன்றை எடுத்துத் திருப்பி விலையைப் பார்த்தார்.

“ஆன்லைன்ல இது இன்னும் கம்மி, தெரியுமா?”

“தெரியும்” என்றார் ரெய்னோ.