ஃபர்னஸில் வெந்த சங்கு

பொருட்களை இழுத்தும் அமுக்கியும் உடைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். புதுச்சேரியில் ஓர் இன்ஜினியரிங் காலேஜின் டெஸ்டிங் லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். இரும்பு, கான்கிரீட் எல்லாம் உடைத்திருக்கிறேன். என்னைத் தண்ணீர் குடிக்க வைத்தது ஒரு சங்கு.

இரண்டாயிரத்துகளின் நடுவில் எம்.டெக். படித்த கவிதா, குருசுக்குப்பத்துப் பெண். அப்பாவின் வலையில் ஏறும் சங்குகள்தான் அவளுடைய ப்ராஜெக்ட். சங்கும் சுண்ணாம்புக்கல்லும் கிட்டத்தட்ட ஒரே சரக்கு. கல் பட்டென்று உடைகிறது, சங்கு ஏன் லேசில் உடைவதில்லை என்பதுதான் கேள்வி.

ரிவ்யூவுக்கு முந்தைய நாள் ஒரு மூட்டைச் சங்கு வந்தது, உள்ளே சதையோடு. நாற்றம் குடலைப் பிடுங்கியது. எங்கள் எச்.ஓ.டி. மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். கடவுளைக் கூப்பிடுவதென்றாலும் அவருக்கு பிரெஞ்சுதான்.

"மோன் தியே! இது லேபா, மீன் மார்க்கெட்டா? ஃபர்னஸ்ல போட்டு நாத்தத்த எரிங்கப்பா!"

எரித்தோம். நாற்றம் போனது.

மறுநாள் வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் முன்னால் முதல் துண்டை மெஷினில் வைத்தேன். பிஸ்கெட் மாதிரி பொடிந்தது. இரண்டாவதும் அப்படியே. "இதுக்கா இவ்ளோ நாளு?" என்றார் அவர். இந்த ரிவ்யூ போனால் அவளுக்கு ஒரு செமஸ்டரே போச்சு. கவிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எச்.ஓ.டி. விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று கவிதா வாசல் பக்கம் திரும்பினாள். "அண்ணா! கதவுக்கு முட்டு குடுத்திருக்கீங்களே, அந்தச் சங்கு! அது ஃபர்னஸுக்குப் போவலையே!"

அவள் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்தது அது. அவள் அம்மா மணலில் புதைத்து, எறும்பு தின்ன விட்டுச் சுத்தம் செய்தது. எக்ஸாமினர் சாப்பிட்டு வருவதற்குள் தண்ணீர் விட்டு விட்டு அறுத்துத் துண்டு போட்டேன்.

மெஷினில் ஏற்றினோம். விரிசல் விழுந்தது, ஆனால் நேராக ஓடவில்லை. இப்படித் திரும்பி, அப்படி வளைந்து, நின்று நின்று போனது. கிராஃப் படிப்படியாக இறங்கியது. துண்டு இரண்டாகப் பிரியவே இல்லை. "அடி சக்கை!" என்று கத்திவிட்டேன்.

"ரெண்டும் சங்குதானேம்மா, முதல்ல வச்சது மட்டும் ஏன் பொடிஞ்சுது?" என்று கேட்டார் எக்ஸாமினர்.

"சங்குக்குள்ள சுண்ணாம்பு அடுக்கடுக்கா இருக்கு சார். நடுவுல துளியூண்டு பசை. அதான் வெடிப்ப நேரா ஓட வுடாம சுத்தல்ல வுடுது. நேத்து அத ஃபர்னஸ்ல போட்டதுல நாத்தத்தோட அந்தப் பசையும் எரிஞ்சு போச்சு."

"அப்ப ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வையி. இதாம்மா உன் ப்ராஜெக்ட்டு."

பின்னால் வந்த பிள்ளைகளிடமெல்லாம் நான் சொன்னது இதுதான்: ஒரு பொருளைச் சுத்தம் செய்யும் முன், அதைப் பிடித்து வைத்திருப்பது எது என்று கேளுங்கள்.

அடுத்த மூட்டையை மணலில் புதைக்கச் சொன்னது எச்.ஓ.டி.யேதான். எங்கே என்று சொல்ல மறந்துவிட்டார். கவிதா இடம் பார்த்தாள், அவர் அறை ஜன்னலுக்கு நேர் கீழே.